கேள்விக்குறிகளாக வந்த பெயர்கள்

அந்தக் கோப்பைத் திறந்தபோது மூன்று பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நூலகத்தின் பழைய மென்பொருளிலிருந்து வெளியே எடுத்த பட்டியல் அது. முதல் சில பக்கங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆங்கிலத் தலைப்புகள், சேர்க்கை எண்கள், புத்தகம் வந்த தேதி. அப்புறம் தமிழ்ப் புத்தகங்கள் தொடங்கின. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் அதே. பெரிய தலைப்பு என்றால் நீளமான வரிசை, சின்னத் தலைப்பு என்றால் நாலைந்து குறிகள். சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் மட்டும் அப்படியே மிஞ்சியிருந்தன.

எழுத்துகள் உருக்குலைந்து வேறு ஏதோ குறிகளாகத் தெரிந்திருந்தால் எனக்கு அவ்வளவு பதற்றம் வந்திருக்காது. அது குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாக எழுதிவைக்கும் முறையை, தவறாகப் படித்ததால் வரும் குழப்பம். உள்ளே இருக்கும் பைட்டுகள் அப்படியே இருக்கும், சரியான குறியாக்கத்தைச் சொல்லித் திறந்தால் எழுத்துகள் திரும்பி வரும். கேள்விக்குறி அப்படியில்லை. வெளியே எடுக்கும் நிரல் தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது என்று பொருள். அந்தக் கோப்பிலிருந்து இனி எதையும் மீட்க முடியாது.

மென்பொருளுக்கு உள்ளே தமிழ் நன்றாகத்தான் தெரிந்தது. பல ஆண்டுகள் தமிழில் தேடி, தமிழில் அச்சடித்து, எல்லாரும் திருப்தியாகவே இருந்தார்கள். வெளியே எடுக்கும் வசதியை மட்டும் யாரும் ஒருநாளும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் போகலாம் என்றால் அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் கடவுச்சொல் தெரிந்த நிறுவனம் தொழிலையே நிறுத்திவிட்டிருந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய அட்டைப் பட்டியலும் சேர்க்கைப் பதிவேடும்தான். சேர்க்கை எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையாக எடுத்து, தலைப்பையும் ஆசிரியரையும் மறுபடி தட்டச்சு செய்தோம். பல மாதங்கள் ஆயின.

அதற்குப் பிறகு, எந்த நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ மென்பொருள் தேர்வு செய்ய என்னைக் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. இது என்னவெல்லாம் செய்யும் என்று முன்பு கேட்பேன். இப்போது, இதைவிட்டு எப்படி வெளியே போவது என்று கேட்கிறேன். இன்னும் வாங்கவே இல்லையே, அதற்குள் போவதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நூலகப் பட்டியல் என்பது ஐம்பது, நூறு ஆண்டுகள் வாழ வேண்டிய பொருள். எந்த மென்பொருளும் அவ்வளவு காலம் இருக்காது. பட்டியல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோய்க்கொண்டேதான் இருக்கும். வாசல் அகலமாக இருக்கிறதா என்று குடியேறும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

நூலகங்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. இந்தப் பிரச்சினையை மிக முன்னதாகவே யோசித்த ஒருவர் அவர்களுக்குக் கிடைத்தார். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஹென்ரியட் அவ்ராம் ஒரு நிரலாளர். நூலக அறிவியல் பட்டம் பெற்றவரல்லர். ஒரு பட்டியல் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் கணினி பிரித்தறியும்படி எண்ணிட்டு எழுதும் முறையை அவர் தலைமையிலான குழு உருவாக்கியது. அதுதான் மார்க். 1966இல் முன்னோட்டம் தொடங்கியது. அமெரிக்க வடிவமும் கனடிய வடிவமும் 1999இல் ஒன்றாகி மார்க் 21 ஆயிற்று. 100 என்றால் முதன்மை ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள் தலைப்பு. இந்த எண்களைத் தெரிந்த நூலகர் மார்க் 21 பயன்படுத்தும் எந்த நாட்டுப் பட்டியலைத் திறந்தாலும் படித்துவிடுவார். பழைய முறை, காலத்துக்கு ஒவ்வாதது என்று மார்க்கைப் பற்றிச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். குறைகள் உண்டு, உண்மைதான். ஆனாலும் இத்தனை பத்தாண்டுகளில் எத்தனையோ மென்பொருள்கள் பிறந்து மறைந்த பிறகும் அந்தப் பதிவுகள் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. அவ்ராமின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அதுவே காரணம்.

ஆகவே ஒரு நிறுவனம் வந்து, எங்கள் மென்பொருளில் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு மூன்று ஆசிரியர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஐந்து பொருள் தலைப்புகள் இருந்தால் அந்தத் தாளில் அவை எப்படி வரும்? பெரும்பாலும் ஒரே கட்டத்துக்குள் காற்புள்ளி போட்டு எல்லாப் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். முதலெழுத்தைக் காற்புள்ளிக்குப் பின்னால் போட்டு எழுதிய பெயர்கள் இருந்தால் எது ஒரு பெயர், எது இரண்டு பெயர் என்று பிரிக்கவே முடியாது. யார் எழுதியவர், யார் மொழிபெயர்த்தவர் என்பதும் காணாமல் போய்விடும். தட்டையான அட்டவணையில் போட்டுவிட்டு மறுபடி பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது, அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்குவது மாதிரி.

மார்க் கோப்பாகவே தருகிறோம் என்று சொன்னாலும் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். மார்க் பதிவைக் கொண்டுபோகும் உறையின் தரநிலை ஐஎஸ்ஓ 2709. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 24 எழுத்து நீளமுள்ள தலைப்பகுதி இருக்கும். அதில் ஓரிடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘ஏ’ இருந்தால் பதிவு யுனிகோடில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுக் குறியாக்கத்தில், இருக்கிறது என்று பொருள். அந்த இடம் காலியாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கம். மார்க்-8இல் கிரேக்கம், சிரிலிக், அரபு, ஹீப்ரு, சீனம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு, தமிழுக்கு இல்லை. உள்ளே யுனிகோடு வைத்துக்கொண்டு அந்த ஒற்றை இடத்தைக் காலியாக விட்டுவிடும் மென்பொருள்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அந்தக் குறியை நம்பி, தமிழை மார்க்-8 என்று எண்ணி மாற்றப்பார்க்கும். முடிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஐஎஸ்ஓ 2709இல் பதிவின் நீளத்தைச் சொல்ல ஐந்து இலக்கங்களே இருக்கின்றன. அதனால் ஒரு பதிவு 99,999 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது. யுனிகோடைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுக்கும். ஒரு புத்தகத்துக்கு இந்த எல்லை தாராளம். பல பத்தாண்டுகளாக வரும் ஒரு பத்திரிகைக்கு, இதழ் இதழாக நூற்றுக்கணக்கான பிரதித் தகவல்களை அதே பதிவோடு சேர்த்து அனுப்பினால் எல்லை முட்டும். அப்படிப்பட்ட பதிவுகளை மார்க்-எக்ஸ்எம்எல் வடிவில் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மார்க்எடிட் என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் கண்முன் வந்துவிடும். தேர்வுக் குழுவில் ஒருவராவது அதில் ஒரு மாலை நேரம் செலவழித்திருக்க வேண்டும் என்பேன்.

புத்தகப் பதிவுகளுக்காவது இப்படி ஒரு பொது மொழி இருக்கிறது. உறுப்பினர் விவரம், யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது, தாமதக் கட்டணம், முன்பதிவு வரிசை ஆகியவற்றை மொத்தமாக இடம்மாற்ற அப்படி எல்லாரும் பின்பற்றும் பொது வடிவம் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டப்படி வைத்திருக்கும். ஒப்பந்தத்தில் இதைத் தனியாக எழுதி வாங்காவிட்டால், குடிமாறும் நாளில் எல்லாப் புத்தகமும் அலமாரியில் இருப்பதாகப் புதிய பட்டியல் சொல்லும். வெளியே போயிருக்கும் புத்தகங்கள் யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

காப்பகங்களின் கதை வேறு. இதை நான் கற்றுக்கொண்டதும் ஓர் இழப்பின் மூலமாகத்தான். ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒருவருடைய கடிதங்களும் குறிப்பேடுகளும் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. கையில் இருந்தது ஒரு நூலக மென்பொருள். நல்ல மென்பொருள்தான். அதையே பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்து, ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு புத்தகம் போலப் பதிந்தார்கள். தலைப்பு: கடிதம். ஆசிரியர்: அதே பெயர். அடுத்த பதிவிலும் தலைப்பு: கடிதம். இப்படி நூற்றுக்கணக்கில். தேடினால் ‘கடிதம்’ என்ற ஒரே தலைப்பு பக்கம் பக்கமாக வந்தது. எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் எதற்குப் பின்னால் இருந்தது, அந்தக் கோப்பை அவர் எதற்காகத் தொடங்கினார் என்பதெல்லாம் பதிவில் எங்கும் இல்லை. அப்புறம் பெட்டிகளை ஒழுங்குபடுத்துகிறோம் என்று தாள்களை எண் வரிசையில் மாற்றி அடுக்கியபோது, அந்த உறவுகளைக் காட்டிய கடைசிச் சாட்சியும் போய்விட்டது.

புத்தகம் தனியாக நிற்கும். அதே புத்தகம் வேறு நூலகத்திலும் இருக்கும். ஆவணம் தன் சுற்றத்தோடு இருந்தால்தான் பொருள் தரும். ஒருவரிடமிருந்தோ ஓர் அலுவலகத்திலிருந்தோ வந்த தாள்களை வேறு எவருடைய தாள்களோடும் கலக்காமல் ஒரே தொகுதியாக வைக்க வேண்டும் என்ற கொள்கையை 1841இல் பிரான்சில் நதாலிஸ் தெ வாய்யி வகுத்தார். இன்றுவரை காப்பகக் கலையின் அடித்தளம் அதுதான். தொகுதி, அதற்குள் வரிசை, அதற்குள் கோப்பு, அதற்குள் தாள் என்று மரம்போலக் கிளைவிட்டு விவரிப்பதற்கு, அனைத்துலக ஆவணக்காப்பகப் பேரவை ஐசாட்-ஜி என்ற விதிமுறையைத் தந்திருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2000இல் வந்தது. மொத்தம் 26 கூறுகள். ஆனால் பேரவையே கட்டாயம் வேண்டும் என்று சுட்டுபவை ஆறுதான்: குறியீட்டெண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரிப்பின் படிநிலை. ஆள்பலம் இல்லாத சிறிய காப்பகத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆயிரம் கடிதங்களையும் தனித்தனியாகப் பதியாமல், அவை இருக்கும் கோப்பைச் சரியாக விவரித்தாலே ஆய்வாளர் வந்து சேர்ந்துவிடுவார்.

இந்த மரத்தைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்கள் தனியாக இருக்கின்றன. ஆட்டம் (AtoM) என்பது பேரவையின் ஆதரவோடு தொடங்கிய திறமூல மென்பொருள், அதாவது அதன் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இணையத்தில் விவரிப்புகளை வெளியிடுவதற்கு அருமையாக இருக்கும். ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ் 2013இல் வெளிவந்தது. பெட்டிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தொகுதி எப்போது வந்தது என்ற உள்வேலைகளுக்கு அது கைகொடுக்கும். வெளியேறும் வாசல் என்று பார்த்தால், மரத்தை முழுசாக எடுத்துச் செல்ல ஈஏடி என்ற எக்ஸ்எம்எல் வடிவம் 1998 முதல் இருக்கிறது. ஆட்டமில், காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணையான சிஎஸ்வி கோப்பாகவும் எடுக்கலாம். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணும், அதன் தாய்ப்பதிவின் எண்ணும் சேர்ந்தே இருக்கும். தட்டையான அட்டவணைதான், ஆனாலும் எந்தக் கிளை எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்பது அழியாது. காப்பக மென்பொருளின் வெளியீட்டைச் சோதிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தத் தாய் எண்ணைத்தான். அது இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை.

எண்ணிமப் படங்கள், ஆய்வேடுகள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து வெளியிட டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள்கள் உண்டு. எம்ஐடியும் ஹியூலட் பேக்கர்டும் சேர்ந்து 2002இல் அதை வெளியிட்டன. கோப்புகள் நீண்ட காலத்துக்குச் சிதையாமல் இருக்கின்றனவா என்று கண்காணிக்க ஆர்க்கைவமேட்டிகா. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை. எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் செய்ய வேண்டும் என்ற ஆசையை மட்டும் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடலாம். அந்த ஆசைதான் கடிதங்களைப் புத்தகங்களாக்கியது.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். நம் மொழியில் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதைச் சோதிக்காமல் எந்த மென்பொருளையும் ஏற்கவே கூடாது. ‘கொ’ என்பதைத் திரையில் ஒரே மாதிரி காட்டிவிட்டு உள்ளே இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சேர்ப்பது இன்னொரு விதம். யுனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. மென்பொருள் அப்படி நடத்துகிறதா என்பதுதான் கேள்வி. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். ஸகரத்திலிருந்து எழுதலாம், ஶகரத்திலிருந்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இந்த இரண்டையும் யுனிகோடு சமமாகக் கருதுவதில்லை. அதனால் மென்பொருளில் தனியாகச் சொல்லிவைத்தாலொழிய ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஔகாரத்தில் வரும் பிழை இன்னும் பரவலானது. ‘ஔவை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். கண் கண்டுபிடிக்காது, தேடல் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து, அந்தப் புத்தகம் நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடும்.

நான் ஒரு சின்னச் சோதனைக் கோப்பு வைத்திருக்கிறேன். முப்பது நாற்பது பதிவுகள்தான். மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் அதில் உண்டு. ஒரே ஆசிரியர் பெயர் முதலெழுத்து முன்னால் வந்தும் பின்னால் வந்தும், தமிழிலும் ஒலிபெயர்ப்பிலும் இருக்கும். ஒலிபெயர்த்த வடிவத்தையும் மூல எழுத்தையும் ஒரே பதிவில் இணைத்து வைக்க மார்க் 880 என்ற புலத்தைத் தருகிறது, அதையும் நிரப்பி வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளைப் பார்க்கப் போனாலும் இந்தக் கோப்பை ஏற்றி, தேடி, அகரவரிசையில் அடுக்கச் சொல்லி, அப்புறம் வெளியே எடுத்து, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுவேன். அகர வரிசையில் னகரம் எங்கே வருகிறது, கிரந்த எழுத்துகள் எங்கே போகின்றன என்று பார்ப்பதும் முக்கியம். அமைப்பை மாற்றினாலே சரியாகிவிடும் குறைகள் நிறைய. உதாரணமாக, கோஹா என்ற திறமூல நூலக மென்பொருளில் ஜெப்ரா என்ற தேடுபொறியை நிறுவும்போது, யுனிகோடு எழுத்துகளுக்கான ஐசியு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் ரோமன் அல்லாத எழுத்துகளை அது ஒழுங்காகக் கையாளும். நிறுவுகிறவர் அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, தமிழ் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்ட இடத்தையும் கண்டிருக்கிறேன்.

கோஹாவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை ஒரு நெருக்கடியில் இருந்தது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதிகளைத் தாங்காது. கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தோடு சேர்ந்து புதிதாக ஒன்றை எழுதினார்கள். 2000 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. எழுதியதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் திறமூலமாக உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழியில் கொடை. திருப்பிச் செய்யும் கடமையும் சேர்ந்தே வரும் கொடை. ஒரு சிறிய ஊரக நூலகம் தன் தேவைக்குச் செய்தது இன்று உலகம் முழுதும் ஆயிரக்கணக்கான நூலகங்களில் ஓடுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஆனால் அந்தச் சொல்லின் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். இலவசம் என்று நிறுவிவிட்டு, பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்காமல் விட்டால் கோஹாவும் கைவிட்டுவிடும். ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரும், புதிய பதிப்பு வரும். பழைய பதிப்புக்குக் கொஞ்ச காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும். நிறுவியவர் வேலை மாறிப் போய், சர்வரின் கடவுச்சொல் அவரோடு போய், ஐந்தாறு ஆண்டுகளாகத் தொடாமல் கிடக்கும் கோஹாவைப் பார்க்கும்போது, பூட்டிய நிறுவன மென்பொருளைப் பார்க்கும் அதே வருத்தம்தான் வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே தரவுத்தளம் மரியாடிபியிலோ மைஎஸ்கியூஎல்லிலோ எல்லாருக்கும் தெரிந்த வடிவத்தில் இருக்கிறது. சர்வர் நம் கையில் இருந்தால் அனுபவமுள்ள ஒருவர் வந்து தரவை முழுசாக எடுத்துவிடலாம்.

விலைகொடுத்து வாங்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். கணினி ஆள் கிடைக்காத இடத்தில் நல்ல நிறுவனத்தின் சேவை நிம்மதி தரும். கையெழுத்திடும் நிறுவனமே பத்தாண்டுக்குப் பிறகும் எதிரில் உட்கார்ந்திருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். நூலக மென்பொருள் நிறுவனங்களான சிர்சியும் டைனிக்ஸும் 2005இல் ஒன்றாயின. எக்ஸ் லிப்ரிஸை 2015இல் புரோக்வெஸ்ட் வாங்கியது. 2020இல் இன்னவேட்டிவ் நிறுவனம் எக்ஸ் லிப்ரிஸிடம் வந்தது. 2021இல் புரோக்வெஸ்ட்டையே கிளாரிவேட் வாங்கிவிட்டது. இது தொழிலின் இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எந்த மென்பொருளைத் தொடர்வது, எதை மெல்ல நிறுத்துவது என்று எங்கோ ஓர் அறையில் முடிவெடுப்பார்கள். அந்த அறையில் நூலகர் இருக்க மாட்டார். திறமூலத்திலும் இது நடக்கும். ஆர்க்கைவிஸ்ட்ஸ் டூல்கிட், ஆர்கான் என்ற இரண்டு காப்பக மென்பொருள்களின் இடத்தை ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ் எடுத்துக்கொண்டது. அவற்றின் பயனர்களுக்கு இடம்மாறும் கருவிகளும் சேர்ந்தே வந்தன என்பதுதான் அங்கே ஆறுதலான செய்தி.

தேர்வு நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நூலகத்தில் நிறுவனத்தார் வந்து டெமோ காட்டிக்கொண்டிருந்தார்கள். வண்ண வண்ண வரைபடங்கள், அறிக்கைகள், கைப்பேசிச் செயலி. குழுவினர் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில், இரவல் மேசையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச வாய்ப்புக் கொடுத்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, ஒரு புத்தகத்தைத் திருப்பி வாங்க எத்தனை தடவை க்ளிக் பண்ணணும்?”

செய்து காட்டச் சொன்னோம். ஐந்து. பார்கோடைப் படித்தால் போதாது. பட்டியலில் தேர்ந்தெடுத்து, உறுதிசெய்து, ரசீதை மூடி, மறுபடி முதல் பக்கத்துக்கு வர வேண்டும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் வரிசை எவ்வளவு நீளும் என்று அக்கா விவரித்தார். நெட் போய்விட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது 1931இல் நூலக அறிஞர் ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். அன்று அந்த அறையில் அதை நினைவில் வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். அதற்குப் பிறகு மேசையில் வேலை பார்ப்பவர் இல்லாமல் எந்தக் குழுவிலும் உட்காரச் சம்மதிப்பதில்லை. அவர் கடைசி வரிசையில் அல்ல, விசைப்பலகைக்கு முன்னால் இருக்க வேண்டும், நிறுவனத்தார் தள்ளி நிற்க வேண்டும்.

வாசகர் எதைப் படித்தார் என்பது வாசகரின் சொந்த விஷயம். புத்தகம் திரும்பி வந்த பிறகு அந்த இணைப்பை அழித்துவிடும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். கோஹாவில் இருக்கிறது. இல்லாத மென்பொருள் மற்றபடி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கினார்கள். பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை, திருடிய தரவை வெளியே விட்டார்கள். உலகின் மிகப்பெரிய நூலகங்களில் ஒன்று தன் பட்டியலைத் தேடும் வடிவத்திலாவது மறுபடி இணையத்தில் காட்ட 2024 ஜனவரி ஆயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் நூலகமே நடந்ததை ஒளிக்காமல் எழுதி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நேர்மைக்கு நாம் எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும். தரவின் பாதுகாப்பான பிரதிகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அந்தத் தரவை ஓடவைத்த பழைய மென்பொருள்கள் பலவற்றைத் திரும்ப நிறுவ முடியவில்லை. தயாரித்தவர்களின் ஆதரவு நின்றுபோயிருந்தது, அல்லது புதிய பாதுகாப்பான சர்வர்களில் அவை இயங்கவில்லை. பேக்கப் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு செய்தியைப் படிக்க வேண்டும். பேக்கப் அதே மென்பொருளின் வடிவத்திலேயே இருந்தால், அந்த மென்பொருள் இல்லாத நாளில் அது பூட்டிய பெட்டி.

அதனால் இரண்டு வகையாகப் பிரதி எடுக்கச் சொல்கிறேன். தரவுத்தளத்தின் முழுப் பிரதி ஒன்று. எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய மார்க்-எக்ஸ்எம்எல், ஈஏடி, சிஎஸ்வி கோப்புகள் இன்னொன்று. படங்களும் ஒலிகளும் இருந்தால் அவற்றை பேக்இட் முறையில் கட்டி வைக்கலாம். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட சரிபார்ப்புத் தொகையும் ஒரு பட்டியலாகக் கூடவே வருவதால், பல ஆண்டு கழித்தும் ஒரு பைட்டு மாறியிருந்தால் தெரிந்துவிடும். 2018இல் அது ஆர்எஃப்சி 8493 என்ற பொது ஆவணமாகவே வந்துவிட்டது.

கேள்விக்குறிகள் வந்த அந்த நூலகத்தில் இப்போது கோஹா ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்புக்காக நூலகம் மூடியிருக்கும் வாரத்தில், முழுப் பட்டியலையும் வெளியே எடுத்து, கோஹாவே இல்லாத வேறொரு கணினியில் திறக்கிறோம். இரவல் மேசை அக்கா சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவதொரு பக்கத்தைப் புரட்டி ஓர் எண்ணைச் சொல்வார். நான் தேடித் தலைப்பையும் ஆசிரியரையும் வாசிப்பேன். அவர் பதிவேட்டில் விரல் வைத்துச் சரி என்பார். நூறு எண்கள் வரை போவோம். போன முறை தொண்ணூற்றிரண்டாவது எண்ணில் ஒரு கேள்விக்குறி வந்தது. அவர் எழுந்து அலமாரிக்குப் போய், அந்தப் புத்தகத்தையே எடுத்து வந்து பார்த்தார். தலைப்பே கேள்வியாகத்தான் அச்சிடப்பட்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.